மோட்டார்ஹோம்ல லீஷர் பேட்டரி மாத்தறதுக்கு முன்னாடி

நீங்க எழுதினதை சுருக்கமா திருப்பிச் சொல்றேன், நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. மான்செஸ்டர்ல இருக்கீங்க, போன வருஷம் 2012 மாடல் ஃபியட் டுகாட்டோ மோட்டார்ஹோம் (உள்ளயே சமைச்சுப் படுக்க வசதியுள்ள வண்டி) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினீங்க, முன் சீட்டுக்கு அடியில 110 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியோட கொள்ளளவு) லீஷர் பேட்டரி ஒண்ணு, அதாவது இஞ்சினுக்கு இல்லாம வண்டிக்குள்ள லைட், ஹீட்டர் ஓட்டற பேட்டரி, அதுக்கு வயசு மூணு. லேக் டிஸ்ட்ரிக்ட் போனப்ப ராத்திரி கேஸ் ஹீட்டரை ஓடவிட்டு படுத்தா விடியக்காலைல பேனல்ல 11.4 வோல்ட் காட்டுது, ஹீட்டர் ஃபேன் நின்னுடுது, பசங்க குளிர்ல எழுந்து அழறாங்க. கடைக்காரர் ஏஜிஎம் (ஆசிட் சிந்தாத, சீல் பண்ண ஈய பேட்டரி) போடுங்கறார், கூட வேலை பாக்கறவர் லித்தியம் போடலன்னா காசு வேஸ்ட்ங்கறார், ஊர்ல இருந்து மச்சான் நம்ம வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி பெருசா ஒண்ணு போட்டா தீந்துச்சுங்கறார். மூணுல எதுன்னு கேக்கறீங்க. ஆனா ரெண்டு தடவை படிச்சப்ப எனக்கு பட்டது, நீங்க கேக்க வேண்டிய கேள்வி இன்னும் ஒண்ணு முன்னாடி இருக்கு: மூணு வருஷத்துல அந்த பேட்டரி ஏன் போச்சு? அது தெரியாம புதுசு வாங்கினீங்கன்னா அதே சீட்டுக்கு அடியில அதே காரணத்தால அதுவும் போகும், 100 பவுண்டு பேட்டரின்னா 100 போகும், 600 பவுண்டுன்னா 600 போகும்.

நான் இந்த வேலைக்கு வந்தது கோயம்புத்தூர்ல இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ் மூலமா, இப்ப இங்கிலாந்துல பதினோரு வருஷமா கேரவன், மோட்டார்ஹோம் எலெக்ட்ரிக்கல் வேலை மட்டும்தான் பாக்கறேன். கோயம்புத்தூரை எதுக்கு இழுக்கறேன்னா, உங்க பேட்டரிக்கு வந்திருக்கற வியாதியை நான் முதல்ல பாத்தது அங்கதான். 2012-ல தமிழ்நாட்டுல கரண்ட் கட் உச்சத்துல இருந்தது ஞாபகம் இருக்கும், ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். அப்ப அஞ்சு வருஷம் வர வேண்டிய பேட்டரி எல்லாம் ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்துல எங்க கடைக்கு வந்து நின்னுச்சு. வர்றவங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், அதிகமா யூஸ் பண்ணிட்டோம் சார். பிரிச்சுப் பாத்தா பிளேட் மேல சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கும். அது அதிகமா யூஸ் பண்ணதால வந்தது இல்ல, ஃபுல்லா சார்ஜ் ஆக ஒரு நாளும் வாய்ப்பே கிடைக்காததால வந்தது. செலவானதுல முக்கால்வாசி ஏறும், மறுபடி கரண்ட் போயிடும், மிச்ச கால்வாசி மாசக்கணக்கா ஏறவே இல்ல.

ஈய பேட்டரியோட குணமே அதுதான். அது டிஸ்சார்ஜ் ஆகறப்ப ரெண்டு பிளேட்லயும் லெட் சல்பேட் உண்டாகும், சார்ஜ் பண்ணா அது கரைஞ்சு திரும்ப போயிடும். உடனே ஃபுல்லா சார்ஜ் பண்ணிட்டா ஒரு பிரச்சனையும் இல்ல. பாதில விட்டா அந்த சல்பேட் நாள்பட இறுகி பெரிய படிகமா மாறிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது, அந்த அளவுக்கு பேட்டரியோட கொள்ளளவு நிரந்தரமா போச்சு. இதுல இன்னொரு கஷ்டம், 80% வரைக்கும் வேகமா ஏத்திக்கும், கடைசி 20% மட்டும் அஞ்சாறு மணி நேரம் எடுத்துக்கும், நீங்க எவ்வளவு பெரிய சார்ஜர் போட்டாலும் அந்த கடைசி பகுதியை அவசரப்படுத்த முடியாது. அதனால மான்செஸ்டர்ல இருந்து லேக் டிஸ்ட்ரிக்ட்ல விண்டர்மியர் வரைக்கும் ரெண்டு மணி நேரம் ஓட்டினோமே, இஞ்சின்ல இருக்கற ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணியிருக்குமேன்னு நினைச்சா அது தப்பு, பண்ணியிருக்கும், ஆனா ஃபுல்லா பண்ணியிருக்காது.

இப்ப உங்க ராத்திரிக் கணக்கை போடுவோம். கேஸ்ல ஓடற புளோன் ஏர் ஹீட்டர் ஃபேனுக்கும் கண்ட்ரோலுக்கும் சேத்து சராசரியா ஒண்ணு, ஒன்றரை ஆம்பியர் இழுக்கும், பத்து மணி நேரத்துக்கு 15 ஏஹெச்னு வெச்சுக்கலாம். எல்இடி லைட் நாலு மணி நேரம், அஞ்சு ஏஹெச். ரெண்டு மூணு ஃபோன் சார்ஜ், நாலு ஏஹெச். வாட்டர் பம்ப் ஓடறப்ப நாலஞ்சு ஆம்பியர் இழுத்தாலும் மொத்தமே கால் மணி நேரம்தான் ஓடும், ரெண்டு ஏஹெச் கூட வராது. எல்லாம் சேத்து 26. ஆரோக்கியமான 110 ஏஹெச் பேட்டரில இருந்து 26 எடுத்தா காலைல 12.4, 12.5 வோல்ட் இருக்கணும். உங்களுக்கு 11.4. அதாவது பேட்டரில எழுதியிருக்கறது 110, உள்ள மிச்சம் இருக்கறது 30 பக்கம், இல்லன்னா நீங்க கிளம்பறப்பவே அது பாதி காலியா இருந்திருக்கு. ரெண்டுல எதுன்னு ஒரு மீட்டர் வெச்சு நீங்களே கண்டுபிடிக்கலாம், 15 பவுண்டுக்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். பேனல்ல காட்டற நம்பரை நம்பாதீங்க, பழைய பேனல்கள் 0.2, 0.3 தப்பா காட்டறது ரொம்ப சகஜம், இந்த விஷயத்துல 0.3 வோல்ட்டுங்கறது கால்வாசி பேட்டரிக்கு சமம்.

டெஸ்ட் இப்படி. வண்டியை 24 மணி நேரம் ஹூக்-அப்ல, அதாவது வெளிய இருந்து வர்ற மெயின்ஸ் கரண்ட்ல, போடுங்க, வீட்டு பிளக்ல இருந்து அடாப்டர் போட்டு இழுத்தாலும் போதும். அப்புறம் ஹூக்-அப்பை எடுத்துட்டு, நெகடிவ் டெர்மினலை கழட்டி ஒரு ராத்திரி பூரா சும்மா விடுங்க. காலைல மீட்டர் வெச்சா சாதா ஈய பேட்டரில 12.7 இருக்கணும், ஏஜிஎம்னா 12.8க்கு மேல. 12.4ன்னா முக்கால், 12.2ன்னா பாதி, 12.0ன்னா கால்வாசி. 24 மணி நேர சார்ஜுக்கு அப்புறமும் 12.4ஐ தாண்டலன்னா ஒண்ணு பேட்டரி போச்சு, இல்ல சார்ஜர் சரியில்ல. ஆனா வோல்டேஜ் நல்லா இருக்கறதால மட்டும் பேட்டரி நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, சல்பேட் ஆன பேட்டரி கூட சின்ன குடத்துல தண்ணி நிரம்பின மாதிரி 12.7 காட்டும். அதனால அடுத்தது லோட் டெஸ்ட், ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை நேரா பேட்டரில மாட்டுங்க, கிட்டத்தட்ட நாலரை ஆம்பியர் இழுக்கும், பல்பு பயங்கரமா சூடாகும், கார்பெட் மேலயோ சீட் மேலயோ வெச்சிடாதீங்க. அஞ்சு மணி நேரம் எரியட்டும், அரை மணிக்கு ஒரு தடவை வோல்டேஜ் எழுதி வெச்சுக்கோங்க, அப்புறம் அணைச்சுட்டு ஒரு மணி நேரம் விட்டு பாருங்க. எடுத்தது 23 ஏஹெச், நல்ல பேட்டரின்னா 12.5 பக்கத்துல நிக்கும். எரியறப்பவே ரெண்டு மூணு மணி நேரத்துல 11.5க்கு கீழ விழுந்தா அதுல இனி ஒண்ணும் இல்ல.

உங்க கேள்வியில ஒரு வரி போற போக்குல எழுதியிருந்தீங்க, எனக்கு அதுதான் முக்கியமா பட்டுச்சு: நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வண்டி வீட்டு வாசல் ரோட்ல சும்மா நிக்குது, ஹூக்-அப் வசதி இல்ல, மாசத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் இஞ்சின் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறோம். கொலை நடந்தது அங்கதான்னு நான் சந்தேகப்படறேன். எல்லா சுவிட்சையும் அணைச்சாலும் மோட்டார்ஹோம்ல சும்மா இருக்கறப்ப ஏதோ ஒண்ணு கரண்ட் குடிச்சுக்கிட்டேதான் இருக்கும், டிராக்கர், அலாரம், பேனலோட டிஸ்ப்ளே, ரேடியோவோட மெமரி, டிவி ஏரியல் பூஸ்டர், கேஸ் அலாரம். தனித்தனியா பாத்தா ஒண்ணுமே இல்ல, சேத்துப் பாத்தா 100, 150 மில்லியாம்பியர் வரும். 150 மில்லியாம்பியர்னா ஒரு நாளைக்கு 3.6 ஏஹெச், 30 நாள்ல 108. புத்தம் புது 110 ஏஹெச் பேட்டரியை ஒரே மாசத்துல சுத்தமா காலி ஆக்கிடும், நீங்க ஒரு லைட் கூட போடாம. அப்புறம் காலியான பேட்டரி நாலு மாசம் குளிர்ல அப்படியே நின்னா மேல சொன்ன வெள்ளைப் படிவுதான். பத்து நிமிஷம் இஞ்சின் ஓட்டறது இதுக்கு ஒரு பரிகாரமும் இல்ல, அதுல ஏறறது, மாசம் பூரா கசிஞ்சதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

இதை அளக்கறதும் சுலபம்தான். எல்லாத்தையும் அணைச்சுட்டு நெகடிவ் கேபிளை கழட்டி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்ல போட்டு பாருங்க. இது மாட்டியிருக்கறப்ப பம்ப், ஹீட்டர் எதையும் ஆன் பண்ணிடாதீங்க, மீட்டரோட ஃபியூஸ் போயிடும். 20, 30 மில்லியாம்பியர்னா சரி. 100க்கு மேலன்னா ஒவ்வொரு ஃபியூஸா எடுத்து எப்ப நம்பர் இறங்குதுன்னு பாருங்க. போன குளிர்காலம் ஒரு குடும்பம் வந்தாங்க, நாலு வருஷத்துல மூணாவது பேட்டரி, ஒவ்வொரு தடவையும் போன தடவையை விட விலை கூடினது வாங்கியிருக்காங்க. நான் சீட் பெட்டியைத் தூக்கிப் பாத்தேன், ஒரு பழைய டிராக்கர், அதுக்கு முந்தின ஓனர் போட்டது, சந்தா முடிஞ்சு பல வருஷம், சிக்னலைத் தேடித் தேடி 180 மில்லியாம்பியர் இழுத்துக்கிட்டு இருந்துச்சு. ஒயரை வெட்டி இன்சுலேட் பண்ண அஞ்சு நிமிஷம் ஆச்சு. அந்த அம்மா அந்த கறுப்பு டப்பாவை கைல வெச்சு பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் பேசாம நின்னாங்க.

அடுத்தது சார்ஜர். சில பழைய வண்டிகள்ல, முக்கியமா கேரவன்ல இருந்து வந்த பவர் சப்ளை யூனிட்ல, எப்பவும் 13.8 வோல்ட் மட்டும்தான் கொடுக்கும். அது ஓவர்சார்ஜ் பண்ணி பேட்டரியை கெடுக்காது, ஆனா நல்லா நிரப்பவும் நிரப்பாது, ஈய பேட்டரிக்கு அப்பப்ப 14.4 வேணும், நிறைய ஏஜிஎம்க்கு 14.7 வரைக்கும் கேப்பாங்க, ஆசிட் கூழா இருக்கற ஜெல் பேட்டரின்னா 14.4ஐ தாண்டக் கூடாது. ஹைமர் மாதிரி ஜெர்மன் வண்டிகள்ல ஷவுட் கம்பெனியோட எலெக்ட்ரோபிளாக்னு சார்ஜரும் ஃபியூஸும் சேந்த பெட்டி இருக்கும், அதுல பேட்டரி வகையை மாத்த ஒரு குட்டி ஸ்லைடு சுவிட்ச் உண்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால தள்ளணும், ஜெல் இருந்த வண்டில சாதா பேட்டரி மாத்தினவங்க அந்த சுவிட்சை தொட்டதே இருக்காது. உங்க வண்டில எது இருக்குன்னு நீங்க எழுதல, அதனால ஹூக்-அப் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சும் நாலு மணி நேரம் கழிச்சும் பேட்டரி டெர்மினல்ல மீட்டர் வெச்சு பாருங்க. எப்பவாவது 14.2க்கு மேல போகுதா, இல்ல 13.8லயே உக்காந்திருக்கா? அதே மாதிரி இஞ்சினை ஓடவிட்டும் பாருங்க. இஞ்சின் பேட்டரில 14.3 இருந்து லீஷர் பேட்டரில 13.6தான் வருதுன்னா நடுவுல ரெண்டையும் சேக்கற ரிலேயோ (தானா இயங்கற சுவிட்ச்), ஒயரோ, துரு ஏறின கனெக்‌ஷனோ மிச்சத்தை தின்னுது. உங்களது 2012ங்கறதால சாதா ஆல்டர்னேட்டர், இந்த வகைல சௌகரியம். இதைப் படிக்கிற வேற யாராவது 2016க்கு அப்புறம் வந்த யூரோ 6 (புகை கட்டுப்பாட்டு விதி) வண்டி வெச்சிருந்தீங்கன்னா, அதுல பெரும்பாலும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர், அது தனக்கு தோணினா வோல்டேஜை 12.5 பக்கம் இறக்கிடும், அதுக்கு பேட்டரி-டு-பேட்டரி சார்ஜர்னு ஒண்ணு நடுவுல போடாம எந்த லீஷர் பேட்டரியும் ஒழுங்கா நிரம்பாது.

இதெல்லாம் சரி பண்ணதுக்கு அப்புறம்தான் எந்த பேட்டரிங்கற பேச்சு. லேபிளைப் பத்தி உறுதியா சொல்லக்கூடியது நாலு விஷயம் இருக்கு. ஏஹெச் நம்பருக்கு பக்கத்துல சி20ன்னு இருக்கா சி100ன்னு இருக்கான்னு பாருங்க, சி20ன்னா 20 மணி நேரத்துல மெதுவா எடுத்தா கிடைக்கிற அளவு, 110ன்னா அஞ்சரை ஆம்பியர் வீதம். சி100ன்னா 100 மணி நேரம் இழுத்தடிச்சு எடுத்த அளவு, அதே பேட்டரி அங்க பெரிய நம்பரா தெரியும். ரெண்டு கடை விலையை ஒப்பிடறப்ப ரெண்டும் சி20தானான்னு கேளுங்க. ரெண்டாவது, 50% ஆழத்துக்கு, அதாவது பாதி காலி பண்ணி நிரப்பினா, எத்தனை சைக்கிள் வரும்னு கம்பெனியோட டேட்டா ஷீட்ல போட்டிருக்கணும், போடலன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். மூணாவது எடை. சக்தி இருக்கறது ஈயத்துலதான், 110 ஏஹெச்னு சொல்ற பேட்டரி 25 கிலோ பக்கமாவது இருக்கணும், 19, 20 கிலோன்னா உள்ள இருக்கற பிளேட் மெலிசு, அது லீஷர்னு ஸ்டிக்கர் ஒட்டின ஸ்டார்ட்டர் பேட்டரி. ஸ்டார்ட்டர் பேட்டரிங்கறது மூணு செகண்ட் முன்னூறு ஆம்பியர் கொடுத்துட்டு உடனே நிரம்பிக்கிறதுக்கு செஞ்சது, ராத்திரி பூரா ஒன்றரை ஆம்பியர் கொடுக்கறதுக்கு இல்ல. கடைல ஸ்பெக் எல்லாம் கேக்க கூச்சமா இருந்தா ரெண்டையும் கையில தூக்கிப் பாருங்க, கை சொல்லிடும். நாலாவது, இங்க நேஷனல் கேரவன் கவுன்சில் நடத்தற வெரிஃபைட் லீஷர் பேட்டரி திட்டம் இருக்கு, டெஸ்ட் பண்ணி ஏ, பி, சின்னு பிரிக்கறாங்க. ஏங்கறது ஹூக்-அப் இல்லாம அடிக்கடி தங்கறவங்களுக்கு, பி ஹூக்-அப்ல தங்கினாலும் கேரவன் மூவர் (இழுத்துட்டுப் போற கேரவனை நகத்தற மோட்டார்) மாதிரி பெரிய லோட் இழுக்கறவங்களுக்கு, சி கொஞ்ச நேரம் மட்டும் ஹூக்-அப் இல்லாம சமாளிக்கறவங்களுக்கு. அந்த முத்திரை இருந்தா லேபிள்ல போட்ட நம்பரை நம்பலாம், இல்லாத எல்லாமே மோசம்னும் சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் ஏஜிஎம் சொன்னது தப்பு இல்ல. சீல் பண்ணது, ஆசிட் சிந்தாது, சாதாவை விட சைக்கிள் ஜாஸ்தி, சார்ஜையும் கொஞ்சம் வேகமா ஏத்துக்கும். ஆனா சார்ஜர் 13.8லயே நிக்கற வண்டில ஏஜிஎம் போட்டா கூட கொடுத்த காசுக்கு பலன் இல்ல, அதுக்கும் அதே வெள்ளைப் படிவு வரும். சாதா ஈய பேட்டரி போட்டா வென்ட் டியூப் கட்டாயம். சார்ஜ் ஆகறப்ப ஹைட்ரஜன் வரும், அந்த மெல்லிசு டியூப் வண்டித் தரைல இருக்கற ஓட்டை வழியா வெளிய போகணும், சீட்டுக்கு அடியில பேட்டரி இருக்கறப்ப உங்க பசங்க அதுக்கு மேல உக்காந்து வர்றாங்க. ஒரு வண்டில டியூப் கழண்டு பெட்டிக்குள்ளயே தொங்கிக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு நேர் கீழ கார்பெட்ல பொடிப்பொடியா ஓட்டை, சீட் போல்ட் பச்சையும் வெள்ளையுமா பூத்து கைல தொட்டா உதிருது. அழுகின முட்டை வாசனை எப்பவாவது வந்துச்சுன்னா சார்ஜரை அணைச்சுட்டு, ஜன்னல் கதவைத் திறந்து வெச்சுட்டு இறங்கிடுங்க, ஒரு செல் போய் பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகுதுன்னு அர்த்தம்.

இப்ப லித்தியம். உங்ககூட வேலை பாக்கறவர் சொல்றதுல பாதி முழுக்க சரி. மோட்டார்ஹோமுக்கு விக்கறது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், ஃபோன்ல இருக்கற வகை இல்ல, அதைவிட நிதானமான வகை. 100 ஏஹெச் 11, 12 கிலோதான், அதுல 80, 90 ஏஹெச் வரைக்கும் தாராளமா எடுக்கலாம், ஈயத்துல பாதிக்கு மேல எடுத்தா ஆயுசு குறையும். 2000, 3000 சைக்கிள்னு போடறாங்க. என் கண்ணுக்கு அதோட பெரிய நல்லது இது எதுவும் இல்ல, பாதி சார்ஜ்ல விட்டாலும் கெட்டுப் போகாதுங்கறதுதான், நான் மேல இவ்வளவு நேரம் புலம்பின அந்த ஒரு வியாதி அதுக்கு வராது. கடைசி வரைக்கும் ஒரே வேகத்துல ஏத்திக்கும், அதனால ரெண்டு மணி நேரம் ஓட்டினா ஒரு ராத்திரி செலவானது நிஜமாவே நிரம்பும். 3500 கிலோ லிமிட் உள்ள வண்டில நாலு பேர், தண்ணி, சைக்கிள் எல்லாம் ஏத்தினா எடை எவ்வளவு நெருக்கடின்னு உங்களுக்கே தெரியும், அங்க 14, 15 கிலோ மிச்சம் ஆகறதும் சின்ன விஷயம் இல்ல.

மத்த பாதியை அவர் சொல்லல. ஜீரோ டிகிரிக்கு கீழ லித்தியத்தை சார்ஜ் பண்ணக் கூடாது, பண்ணா உள்ள லித்தியம் உலோகமா படிஞ்சு செல் நிரந்தரமா கெடும். நல்ல பேட்டரில பிஎம்எஸ்ங்கற உள் கண்ட்ரோல் சர்க்யூட் அதைப் பாத்து சார்ஜை நிறுத்திடும், மலிவான சிலதுல அந்த பாதுகாப்பு இருக்காது, வாங்கறப்ப லோ டெம்பரேச்சர் சார்ஜ் கட்-ஆஃப் இருக்கான்னு எழுத்துல கேளுங்க. உங்களுக்கு சீட்டுக்கு அடியில, வண்டிக்கு உள்ளயே இருக்கறதால இது அவ்வளவு பெரிய தொல்லை இல்ல, வெளி லாக்கர்ல வெச்சிருக்கறவங்களுக்குத்தான். அடுத்தது, உங்க வண்டில இருக்கற ரிலே வழியா அதை நேரா ஆல்டர்னேட்டரோட சேத்தா அது கிடைச்ச கரண்டை எல்லாம் இழுக்கும், ஒயர் சூடாகும், ஆல்டர்னேட்டரும் சூடாகும். அதனால 30 ஆம்பியர் பேட்டரி-டு-பேட்டரி சார்ஜர் ஒண்ணு, லித்தியம் செட்டிங் உள்ள மெயின்ஸ் சார்ஜர் ஒண்ணு, அப்புறம் வோல்டேஜை வெச்சு எவ்வளவு மிச்சம்னு கணிக்கவே முடியாதுங்கறதால ஷண்ட் (போற வர்ற கரண்டை அளக்கற பாகம்) வெச்ச பேட்டரி மானிட்டர் ஒண்ணு, இதெல்லாம் சேரும். முக்கால்வாசி தீர்ற வரைக்கும் அது 13 வோல்ட்டை ஒட்டியே நிக்கும், அப்புறம் சடார்னு விழும். பேட்டரி விலையை மட்டும் பாத்து முடிவு பண்ணவங்க, மொத்த பில் ரெண்டு மடங்கு ஆனப்ப எனக்கு ஃபோன் பண்ணியிருக்காங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

இதுல சந்தேகத்தோட சொல்ல வேண்டியதையும் சொல்லிடறேன். லித்தியம் பத்து வருஷம் வரும், பதினைஞ்சு வருஷம் வரும்ங்கறது சைக்கிள் எண்ணிக்கையை வகுத்துப் போட்ட கணக்கு. மாசக்கணக்கா நின்னு, குளிர்ல உறைஞ்சு, திடீர்னு ஒரு வாரம் குலுங்கிக் குலுங்கி ஓடற வண்டில அந்த கணக்கு அப்படியே பலிக்கும்னு நான் எழுதித் தர மாட்டேன், செல்லை விட அதை பாத்துக்கற எலெக்ட்ரானிக்ஸ் முன்னாடி போறதைத்தான் நான் பாத்திருக்கேன். அதே மாதிரி சல்பேட்டை கரைக்கிறோம்னு விக்கற பல்ஸ் கருவிகள், லேசா படிஞ்சதுக்கு கொஞ்சம் பலன் கிடைச்சதைப் பாத்திருக்கேன், உங்களோடது மாதிரி முக்கால்வாசி போன பேட்டரிய எதுவும் உயிர்ப்பிச்சு பாத்தது இல்ல.

மச்சான் சொன்ன இன்வெர்ட்டர் பேட்டரி வேண்டாம். அந்த டியூபுலர் பேட்டரி வீட்டு மூலையில ஆடாம அசையாம நிக்கறதுக்கு செஞ்சது, 150 ஏஹெச்னா 50 கிலோவுக்கு மேல, உயரமும் சீட் பெட்டிக்குள்ள போகவே போகாது, தளதளன்னு ஆசிட் வேற. ஊர்ல அது அருமையான சாமான், அதுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தியே எனக்கு ஆறு வருஷம் போச்சு, ஆனா ஓடற வண்டிக்கு ஆகாது. ரெண்டு பேட்டரி பேரலல்ல (பாசிடிவோட பாசிடிவ், நெகடிவோட நெகடிவ் சேத்து) போடலாமான்னும் கேட்டிருந்தீங்க, போடலாம், ஆனா ரெண்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே நாள்ல வாங்கினதா இருக்கணும். இப்ப இருக்கற பழசோட புதுசைச் சேத்தா பழசு புதுசையும் தன்னோட இழுத்துக்கிட்டு போயிடும்.

சரி, உங்க இடத்துல நான் இருந்தா என்ன பண்ணுவேன். நீங்க எழுதின மாதிரி வருஷத்துக்கு பத்து பன்னிரண்டு வீக்எண்ட், அதுலயும் பாதி ஹூக்-அப் உள்ள சைட், ராத்திரிக்கு 26 ஏஹெச்னா, லித்தியம் வேண்டாம். ஒரு நல்ல ஏஜிஎம், 95 ஏஹெச், அந்த சீட் பெட்டிக்கு ஏத்த 353க்கு 175க்கு 190 மி.மீ அளவுல கிடைக்கும், டேப் வெச்சு அளந்துட்டு வாங்குங்க, டெர்மினல் எந்த பக்கம் இருக்குன்னும் பாருங்க, கேபிள் எட்டலன்னா அன்னிக்கு நாளே வீண். 110ல இருந்து 95க்கு இறங்கறோமேன்னு யோசிக்காதீங்க, குளிர்ல ஜீரோ டிகிரி பக்கம் அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சாலும் 75 இருக்கும், அதுல பாதி எடுத்தாலே உங்க ராத்திரி தாராளமா ஓடிடும். மிச்சமாகற காசுல சார்ஜர் 13.8 வகையா இருந்தா அதை மாத்துங்க, பேட்டரியை மொத்தமா துண்டிக்கற ஐசோலேட்டர் சுவிட்ச் ஒண்ணு போடுங்க, நவம்பர்ல வண்டியை நிறுத்தறப்ப ஃபுல் சார்ஜ் பண்ணிட்டு அதை திருப்பி அணைச்சிடுங்க, டிராக்கர் இன்ஷூரன்ஸுக்கு கட்டாயம்னா அதை மட்டும் தனி ஒயர்ல விடலாம். முடிஞ்சா கூரைல 100 வாட் சோலார். ஆனா டிசம்பர் மான்செஸ்டர்ல படுக்க வெச்ச 100 வாட் பேனல் ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு ஏஹெச் கொடுத்தாலே பெருசு, அதனால 150 மில்லியாம்பியர் கசிவை அடைக்காம சோலாரை மட்டும் நம்பினா அது கைக்கும் வாய்க்கும் சரியா போயிடும்.

என் பதில் மாறறது ஒரே இடத்துலதான். உங்க வீட்ல ஒரு ஆசை இருக்கறதா எழுதியிருந்தீங்க, ஹூக்-அப் இல்லாத இடத்துல ரைஸ் குக்கர் வெச்சு சூடா சாதம் வடிக்கணும்னு. அது நியாயமான ஆசை, எங்க வீட்லயும் முதல்ல கேட்டது அதுதான். 700 வாட் குக்கர் இன்வெர்ட்டர் வழியா போறப்ப பேட்டரில இருந்து 65, 70 ஆம்பியர் இழுக்கும், 25 நிமிஷத்துக்கு 28 ஏஹெச். நம்பரா பாத்தா ஒரு ராத்திரி ஹீட்டர் அளவுதான், ஆனா ஈய பேட்டரில இருந்து அவ்வளவு வேகமா இழுத்தா அது எழுதினதுல பாதி பக்கம்தான் தரும், வோல்டேஜ் தொங்கி, அரிசி கொதி வர்ற நேரத்துல இன்வெர்ட்டர் கீச்னு கத்திட்டு அணைஞ்சிடும். லித்தியம்னா கண்ணு கூட சிமிட்டாது. அதனால குக்கர் கட்டாயம் வேணும்னா 100 ஏஹெச் லித்தியம், குறைஞ்சது 100 ஆம்பியர் தொடர்ந்து தரக்கூடிய பிஎம்எஸ், 1000 வாட்டுக்கு மேல ப்யூர் சைன் (வீட்டுக் கரண்ட் மாதிரியே தர்ற) இன்வெர்ட்டர், பேட்டரில இருந்து ஒரு ஜாணுக்குள்ள ஃபியூஸ், தடிமனான ஒயர், இந்த அஞ்சும் சேந்துதான், ஒண்ணை விட்டு ஒண்ணு இல்ல. இல்லன்னா கேஸ் அடுப்புல குக்கர் வெச்சு மூணு விசில் விட்டா அதே சாதம் பத்து நிமிஷத்துல.

மாட்டற அன்னிக்கு ஒரு ரெண்டு விஷயம். சோலார் இருந்தா முதல்ல பேனலோட ஃபியூஸை எடுங்க, சில கண்ட்ரோலர் பேட்டரி இல்லாம பேனல் மட்டும் இருந்தா கெட்டுப் போகும். கழட்டறப்ப நெகடிவ் முதல்ல, மாட்டறப்ப நெகடிவ் கடைசில. கைல இருக்கற மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டி வெச்சிடுங்க, ஸ்பேனர் ஒரு முனை பாசிடிவ்லயும் இன்னொரு முனை சீட் இரும்புலயும் பட்டா அது வெல்டிங் ராடு மாதிரி சிவக்கும். டெர்மினல்ல பூத்திருந்தா சமையல் சோடா கலந்த வெந்நீர்ல துடைச்சு காய வெச்சு, மாட்டினதுக்கு அப்புறம் வாசலின் தடவுங்க. கிளாம்ப் எல்லாம் இறுக்கமா இருக்கணும், பிரேக் அடிச்சா 25 கிலோ பேட்டரி உருண்டு வரக் கூடாது. பழசை வாங்கற கடையே எடுத்துக்கும், ஈயத்துக்கு ஸ்கிராப் மதிப்பு இருக்கு.

வண்டியை நேர்ல பாக்காம இதுக்கு மேல ஊகமாத்தான் சொல்ல முடியும். வர்ற சனி ஞாயிறு மூணு அளவு மட்டும் எடுத்துடுங்க: எல்லாம் அணைச்சப்ப எத்தனை மில்லியாம்பியர், ஹூக்-அப்ல நாலு மணி நேரம் கழிச்சு எத்தனை வோல்ட், பல்பு டெஸ்ட்ல அஞ்சு மணி நேரம் தாங்குச்சா. அதுவரைக்கும் எதுவும் ஆர்டர் பண்ணாதீங்க, அளவை இங்கயே எழுதுங்க, பாத்துட்டு சொல்றேன்.